சர்க்கரை கொடுக்கும் எலக்ட்ரான்

கேளுங்கள், சொல்கிறேன்: வாசகர் கேள்வி பதில்

சுகர் மெஷினில் செருகும் ஸ்ட்ரிப்புக்குள் ஒரு பூஞ்சையின் நொதி (என்சைம்) இருக்கிறது என்று போன இதழில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதுமானதாகிவிட்டன. வேலை பார்த்த காலமெல்லாம் நொதியை மின்முனையோடு சேர்த்துவைக்கும் ஆராய்ச்சியிலேயே இருந்தவள் நான். அதனால் இந்தக் கடிதக்கட்டைப் பிரித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். மாத்திரை, இன்சுலின் அளவு பற்றிக் கேட்டவர்கள் மட்டும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

*

காலை டிபன் முடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து வீட்டு மெஷினில் பார்த்தேன், 212. உடனே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன், 186 என்று வந்தது. மெஷின் பொய் சொல்கிறதா? வேறு வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

வாங்க வேண்டாம் ஐயா. உங்கள் மெஷின் விதிக்குள்தான் இருக்கிறது. வீட்டு மெஷின்களுக்கு ஐஎஸ்ஓ 15197 என்று ஒரு சர்வதேசத் தரவிதி உண்டு. அதன் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சர்க்கரை 100-ஐத் தாண்டியிருந்தால் நூற்றுக்கு 95 அளவீடுகளாவது லேப் மதிப்புக்கு மேலும் கீழும் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராம் வரை வித்தியாசம் இருக்கலாம். 186-க்கு 15 சதவீதம் சுமார் 28. ஆக, 158 முதல் 214 வரை எது காட்டியிருந்தாலும் மெஷின் தேறிவிட்டது.

அப்புறம், நீங்கள் ஒப்பிட்டது ஒரே ரத்தத்தை இல்லை. விரல் நுனியில் வருவது தந்துகி ரத்தம். லேபில் எடுப்பது, தசைகள் தங்களுக்கு வேண்டிய சர்க்கரையை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பி வரும் சிரை ரத்தம். சாப்பிட்ட பின்பு விரலில் கூடுதலாகத்தான் இருக்கும். லேப் ட்யூபுக்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் சும்மா இருப்பதில்லை. சாதாரண ட்யூபில் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். சாம்பல் நிற மூடி போட்ட ட்யூபில் ஃபுளோரைடு இருப்பது அதை மட்டுப்படுத்தத்தான்.

லேப் ரிப்போர்ட்டில் பொடி எழுத்தில் ‘ஜிஓடி-பிஓடி’ என்று இருக்கிறதா பாருங்கள். ஜிஓடி என்பது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். பல ஸ்ட்ரிப்களில் இருப்பதும் இதே நொதிதான். லேபில் அது உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு ஒரு சாயத்தை இளஞ்சிவப்பாக்கி, நிறம் எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார்கள். வீட்டு மெஷின் அதே வேலையை மின்சாரமாக அளக்கிறது.

உங்கள் அளவீட்டில் நிஜமாகவே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, விரல். ஆரஞ்சோ திராட்சையோ தொட்ட விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது என்று ஜப்பானில் 2011-ல் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். தோலில் ஒட்டியிருக்கும் பழச் சர்க்கரை ரத்தத் துளியில் கலந்து எண்ணை எங்கேயோ ஏற்றிவிடும். தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். இரண்டாவது, ரத்தசோகை. சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால் பல ஸ்ட்ரிப்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். புதிய மெஷின்கள் சில இதைத் திருத்திக்கொள்கின்றன. நம் வீடுகளில் ரத்தசோகை எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

*

ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு புரதம் என்கிறீர்கள். புரதத்திலிருந்து கம்பிக்கு எப்படி மின்சாரம் போகும்? எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு சமன்பாட்டோடு முடித்துவிட்டார்கள்.
– பி.எஸ்சி. வேதியியல் மாணவர், திருவாரூர்

தம்பி, இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைக்க உலகத்துக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தேதி முடிந்த ஸ்ட்ரிப் ஒன்றை யாரிடமாவது வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பட்டை மேல் கார்பனிலோ உலோகத்திலோ மெல்லிய கோடுகள் ஓடும். ஒரு முனை மெஷினுக்குள் போகிறது. மறுமுனையில், தலைமுடி போகிற அளவுக்கு ஓர் இடுக்கு. ரத்தத் துளி பட்டதும் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் வாய் அதுதான். மேல் ஏட்டை நகத்தால் உரித்தால் கோடுகளின் நுனியில் காய்ந்த கறை மாதிரி ஒரு திட்டு தெரியும். நொதி இருப்பது அங்கே. இன்னொரு கோட்டின் நுனி கொஞ்சம் தள்ளி இருக்கும். ரத்தம் முழுசாக நிரம்பியதா என்று பார்ப்பதற்காக அது. துளி பற்றாமல் மெஷின் ‘எரர்’ காட்டுவது அதை வைத்துத்தான்.

இப்போது நொதிக்கு வருவோம். குளுக்கோஸ் ஆக்சிடேஸைப் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சையிலிருந்து எடுக்கிறார்கள். வெங்காயத் தோலில் கருப்புப் பொடியாகப் பிடிப்பது இந்த வகைப் பூஞ்சைதான். ரத்தத்தில் எத்தனையோ பொருள்கள் கிடக்க, இந்த நொதி குளுக்கோஸை மட்டும் பிடித்து அதிலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைக் கழற்றும். கழற்றியதை எஃப்ஏடி என்ற தன் பகுதியில் வைத்துக்கொள்ளும். எஃப்ஏடி நம் உடம்பில் பி2 வைட்டமினிலிருந்து உண்டாகும் பொருள். இந்த நொதிப் பொடி லேசான மஞ்சளாக இருப்பது அதனால்தான்.

சிக்கல் என்னவென்றால், அந்த எஃப்ஏடி புரதத்தின் ஆழத்தில் புதைந்திருக்கிறது. எலக்ட்ரான் தாவும் வேகம், தூரம் கூடக்கூட மளமளவென்று விழும். ஒன்றரை நானோமீட்டர் தாண்டினால் கிட்டத்தட்ட ஒன்றும் வராது. மின்முனை வெளியே நிற்கிறது, எலக்ட்ரான் உள்ளே நிற்கிறது. இயற்கையில் இதை ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு போகும். அது சின்ன மூலக்கூறு, உள்ளே நுழைந்து வெளியேறிவிடும். வாங்கிய பிறகு அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும்.

அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்பவர் 1950-களில், ஆபரேஷனின்போது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு மின்முனை செய்தார். பிளாட்டினத்தின் மேல் ஒரு பாலித்தீன் ஏடு, அவ்வளவுதான். ரத்தப் புரதங்கள் ஏட்டைத் தாண்ட முடியாது, ஆக்சிஜன் தாண்டும். 1962-ல் அவரும் சாம்ப் லயன்ஸும் அதே மின்முனை மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸை ஏடுகளுக்கு நடுவே வைக்கலாம் என்று எழுதினார்கள். சர்க்கரை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப ஆக்சிஜன் குறையும். குறைந்ததை அளந்தால் சர்க்கரை தெரிந்துவிடும். உயிரி உணரி (பயோசென்சார்) என்ற துறை முழுக்க அந்தக் கட்டுரையிலிருந்து கிளைத்தது. என்னைக் கேட்டால், அந்தப் பாலித்தீன் ஏட்டுக்கே ஒரு பெரிய பரிசு கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆளுக்கு ஆள் மாறும். அதற்குப் பதிலாகப் பெராக்சைடை அளக்கலாம் என்றால், அதற்கு 0.6 வோல்ட்டுக்கு மேல் வைக்க வேண்டும். அந்த மின்னழுத்தத்தில் வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசிட்டமால் எல்லாமே தங்கள் எலக்ட்ரானைக் கொட்டிவிடும். நொதி எவ்வளவு கறாராகத் தேர்ந்தெடுத்தாலும் மின்முனைக்கு அந்தக் கறார் கிடையாது.

வழி 1984-ல் பிறந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆலன் ஹில் குழுவினரும் கிரான்ஃபீல்டில் அந்தோணி டர்னர் முதலானோரும் சேர்ந்து, ஆக்சிஜனுக்குப் பதிலாக ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மத்தின் வழிப்பொருளைப் போட்டார்கள். ஒகேனக்கலில் பரிசல் அக்கரைக்குப் போய் ஆளை ஏற்றி இக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்பப் போகிறதே, அந்த வேலைதான் இதற்கு. நொதியிடம் எலக்ட்ரானை வாங்கி மின்முனையில் இறக்கிவிட்டுத் திரும்பும். இதற்கு வேண்டிய மின்னழுத்தம் குறைவு என்பதால் மற்ற பொருள்களின் தொந்தரவும் குறைந்தது. 1987-ல் மெடிசென்ஸ் நிறுவனம் இதை வைத்துப் பேனா வடிவத்தில் ‘எக்ஸாக்டெக்’ என்ற மீட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று ஐந்து விநாடியில் எண் வருவது அந்த வழியில்தான். பல ஸ்ட்ரிப்களில் ஃபெரோசீனுக்குப் பதில் ஃபெரிசயனைடு இருக்கும். நொதியும் ஆக்சிடேஸாக இல்லாமல், ஆக்சிஜனைச் சட்டை செய்யாத டிஹைட்ரஜனேஸ் வகையாக இருக்கலாம்.

உங்கள் புத்தகத்தில் போட்ட ஒற்றைச் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் ‘எலக்ட்ரான் எப்படி வெளியே வந்தது?’ என்று எழுதி வையுங்கள். கீழே வரும் பதில்களும் அதைச் சுற்றியவைதான்.

*

ஸ்ட்ரிப் டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாதது இல்லை.
– ஒரு வாசகி, ராமநாதபுரம்

டப்பா மேல் என்ன வெப்பநிலை போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. பெரும்பாலான ஸ்ட்ரிப்களுக்கு 30 டிகிரி வரை போட்டிருப்பார்கள். நொதி காய்ந்த நிலையில் நன்றாகவே தாங்கும், அதற்கு எமன் ஈரம்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்ததும் உள்ளே வியர்க்கும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். டப்பாவோடு வரும் ஈர உறிஞ்சியை எடுத்துப் போடாதீர்கள். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை ‘டக்’கென்று சத்தம் வர மூடிவிடுங்கள். ஸ்ட்ரிப்களை வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாத உள்ளறை அலமாரி, வீட்டிலேயே குளுமையான மூலை, அங்கே வையுங்கள்.

*

அப்பாவுக்கு வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் நடக்கிறது. சர்க்கரையும் உண்டு. எந்த சுகர் மெஷினையும் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள் என்று நர்ஸ் சொன்னார். காரணம் சொல்ல அவருக்கு நேரமில்லை. நீங்கள் சொல்வீர்களா?
– ஒரு வாசகி, சென்னை

அந்த நர்ஸுக்கு என் சார்பில் நன்றி சொல்லுங்கள் அம்மா. இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வயிற்று வழி டயாலிசிஸ் திரவம் சிலவற்றில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச் சர்க்கரைச் சங்கிலி இருக்கும். அதில் ஒரு பகுதி ரத்தத்துக்குள் போய் உடைந்து மால்டோஸாகும். மால்டோஸ் என்பது இரண்டு குளுக்கோஸ் கைகோத்தது. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அதைச் சீண்டாது. ஆனால் ஸ்ட்ரிப் உலகத்தில் இன்னொரு நொதி வந்தது, பிகியூகியூ வகை குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். வேகமானது, ஆக்சிஜன் பற்றிக் கவலைப்படாதது என்பதால் தயாரிப்பாளர்கள் விரும்பினார்கள். அதற்கு ஒரே குறை, மால்டோஸையும் குளுக்கோஸ் என்று நினைத்து எலக்ட்ரானைக் கழற்றிவிடும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நோயாளியின் நிஜமான சர்க்கரை 50-க்குப் போய்க்கொண்டிருக்கும்போது மெஷின் 200 காட்டினால், பக்கத்தில் இருப்பவர் இன்சுலின் போடுவார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009 ஆகஸ்டில் வெளியிட்ட எச்சரிக்கையில், 1997 முதல் இத்தகைய ஸ்ட்ரிப்களோடு தொடர்புடைய 13 மரணங்கள் தெரியவந்ததாகச் சொன்னது. ஐகோடெக்ஸ்ட்ரின் மட்டுமில்லை, மால்டோஸ் கலந்த சில ஊசி மருந்துகளாலும் இதே தவறு நேரும்.

அதன் பிறகு பல நிறுவனங்கள் நொதியை மாற்றின, அல்லது மால்டோஸிடம் ஏமாறாதபடி அதே நொதியின் அமைப்பைத் திருத்தின. ஆனாலும் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஸ்ட்ரிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து, ஐகோடெக்ஸ்ட்ரின், மால்டோஸ் என்ற பெயர்களைத் தேடுங்கள். தாளையும் டயாலிசிஸ் திரவப் பையின் படத்தையும் டாக்டரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகு வாங்குங்கள். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அங்கே பயன்படுத்தும் மெஷினைப் பற்றியும் இதே கேள்வியைக் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.

*

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் 14 நாள் ஓடுகிறது. அதற்குள்ளும் ஸ்ட்ரிப் மாதிரி நொதி வேலைதானா? விரல் குத்திப் பார்ப்பதோடு அது ஒத்துப்போகவில்லையே?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

நொதிதான் அம்மா. ஸ்ட்ரிப்பில், மேலே சொன்ன பரிசல் மாதிரி எலக்ட்ரானைத் தூக்கிப் போகும் பொருள் கரைந்து அலையலாம், ஒரு துளி ரத்தத்தோடு கதை முடிந்தது. உடம்புக்குள் வைக்கும் சென்சாரில் அது கசிந்து போய்விடக் கூடாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஹெல்லர் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகப் பிடித்தது. ருமேனியாவின் க்ளூஜ் நகரில் பிறந்து, யூதர்கள் வேட்டையாடப்பட்ட காலத்தில் உயிர் பிழைத்து வந்தவர் அவர். நீளமான பாலிமர் சங்கிலியில் ஆஸ்மியம் என்ற உலோகத்தின் சேர்மங்களை வரிசையாகக் கட்டி, அந்தச் சங்கிலிகளோடு நொதியையும் பின்னி ஒரு கூழாக்கி மின்முனையில் பூசினார். எலக்ட்ரான் ஓர் ஆஸ்மியத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி மின்முனைக்கு வந்துவிடும், எதுவும் கரைந்து போகாது. 2014-ல் ஐரோப்பாவில் வெளிவந்த ‘ஃப்ரீஸ்டைல் லிப்ரே’ சென்சாரின் அடிப்படை இதுதான்.

எண்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம், அந்த ஊசி ரத்தத்தில் இல்லை, தோலுக்கடியில் திசுக்களுக்கு இடையே இருக்கும் நீரில் இருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிச் சில நிமிடம் கழித்துத்தான் அங்கே ஏறும். சாப்பிட்ட உடனேயும் வேகமாக நடக்கும்போதும் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். இன்னொன்று: வைட்டமின் சி மாத்திரை நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் எண் தப்பாக ஏறலாம் என்று இந்த வகைச் சென்சார் சிலவற்றின் குறிப்பில் போட்டிருக்கிறார்கள். வேறு நிறுவனங்களின் பழைய சென்சார்களில் பாராசிட்டமால் இதே தொந்தரவைத் தரும். காய்ச்சல் மாத்திரை போட்ட அன்று நினைவில் வையுங்கள்.

*

நாங்கள் மீன் வியாபாரம். ஐஸில் வைத்த மீன் எத்தனை நாள் ஆனது என்று சொல்லும் கருவி உண்டா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

உண்டு ஐயா, அதிலும் இதே வகை நொதிதான். மீன் செத்ததும் அதன் தசையில் சக்தி தந்துகொண்டிருந்த ஏடிபி என்ற பொருள் படிப்படியாக உடையும். நடுவில் ஐஎம்பி என்ற பொருள் வரும், மீனுக்கு ருசி கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அது உடைந்து இனோசின் ஆகி, பிறகு ஹைப்போசாந்தைன் ஆகும், இது கசப்பு. முதல் நாள் மீனுக்கும் நாலாம் நாள் மீனுக்கும் குழம்பில் தெரியும் வித்தியாசத்தில் இதற்கும் பங்கு உண்டு.

ஏடிபியும் அது உடைந்து வந்தவையும் சேர்ந்த மொத்தத்தில் இனோசினும் ஹைப்போசாந்தைனும் எத்தனை சதவீதம் என்பதை ‘கே மதிப்பு’ என்று 1959-ல் ஜப்பானியர்கள் வகுத்தார்கள். 20-க்குக் கீழே இருந்தால் பச்சையாகச் சாப்பிடவே தகுந்த மீன். ஹைப்போசாந்தைனைச் சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி பிடித்து யூரிக் அமிலமாக்கும்போது ஆக்சிஜன் குறையும். அதை கிளார்க்கின் அதே ஆக்சிஜன் மின்முனையால் அளந்து, மீனின் தரம் சொல்லும் நொதி உணரியை ஜப்பானில் இசாவோ கருபே குழுவினர் 1984-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் மீனிலிருந்து சின்னத் துண்டு வெட்டி, அரைத்து, சாறு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மீனுக்கு மீன் உடையும் வேகமும் மாறும். விடியற்காலை ஏலக்கூடத்தில் செவுளைத் தூக்கிப் பார்க்கும் உங்கள் கண்ணின் வேகத்துக்கு இது ஈடு கொடுக்காது. ஏற்றுமதிச் சரக்கைச் சோதிக்கும் கூடங்களுக்கு உதவும். அப்புறம், ஃபார்மலின் போட்டிருக்கிறதா என்பது தனிச் சோதனை, அதை இது சொல்லாது.

*

உடம்பில் ஓடும் சர்க்கரையிலேயே பேஸ்மேக்கர் இயங்கும், பேட்டரி மாற்ற வேண்டியதே இல்லை என்று படித்தேன். அம்மாவுக்கு அடுத்த வருடம் பேட்டரி மாற்ற வேண்டும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– ஒரு வாசகர், சேலம்

காத்திருக்க வேண்டாம். டாக்டர் சொன்ன தேதியில் மாற்றிவிடுங்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் படித்ததில் உண்மை இருக்கிறது. ஒரு மின்முனையில் சர்க்கரையிடமிருந்து எலக்ட்ரானைக் கழற்றும் நொதி, மற்றொன்றில் அந்த எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுத்துத் தண்ணீராக்கும் நொதி. நடுவில் கம்பி போட்டால் மின்சாரம். இதற்குப் பெயர் நொதி எரிபொருள் கலம். சாதாரண பேட்டரியில் இரு பக்கத்தையும் பிரித்து வைக்க வேண்டும். இங்கே ஒவ்வொரு நொதியும் தன் பொருளை மட்டும் தொடுவதால் இரண்டையும் ஒரே திரவத்தில் நிறுத்தலாம். ஆக்சிஜன் பக்கத்துக்கு லாக்கேஸ் என்ற நொதி உண்டு. ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் 1883-ல் யோஷிதா என்பவர் கண்டது, நான்கு செம்பு அணுக்கள் கொண்டது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் உப்பு அதற்கு ஆகாது. அதனால் உப்பைத் தாங்கும் பிலிருபின் ஆக்சிடேஸையும் பயன்படுத்துகிறார்கள்.

முதல் நொதி எரிபொருள் கலம் 1964-லேயே வந்துவிட்டது. 2003-ல் ஹெல்லர் குழு, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய, 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இரண்டு கார்பன் இழைகளை ஒரு திராட்சைப் பழத்தில் செருகி, பழத்தின் சர்க்கரையிலேயே மின்சாரம் எடுத்தது. கிடைத்தது இரண்டு மைக்ரோவாட் சொச்சம். பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் 2010-ல் எலியின் வயிற்றுக்குள் வைத்து 6.5 மைக்ரோவாட் எடுத்தார்கள். 2013-ல் அவர்களே கார்பன் நானோகுழாய்களுக்குள் நொதியை அமுக்கிவைத்து 38.7 மைக்ரோவாட் எடுத்து, அதைச் சேர்த்துவைத்து ஒரு சின்ன விளக்கையும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் ஓட்டிக் காட்டினார்கள். பேஸ்மேக்கருக்குச் சராசரியாகச் சுமார் 10 மைக்ரோவாட் போதும். கணக்குப்படி இன்றைக்கே போதுமே என்று தோன்றும்.

போதாதது ஆயுள். பேஸ்மேக்கரின் லித்தியம் பேட்டரி எட்டு, பத்து வருடம் ஓடுகிறது. நொதி ஒரு புரதம், 37 டிகிரியில் மெல்ல மெல்ல அவிழ்ந்துகொண்டே இருக்கும். நம் உடம்பு தன் நொதிகளைத் தினமும் புதிதாகச் செய்துகொள்கிறது, மின்முனையில் ஒட்டிய நொதிக்கு அந்த வசதி இல்லை. அதோடு உடம்பு அந்நியப் பொருளைச் சும்மா விடாது. புரதம் படியும், சுற்றிலும் தழும்புத் திசு கட்டும், சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே வருவது குறையும். திசுக்களில் கரைந்த ஆக்சிஜன் குளுக்கோஸைவிடப் பல பத்து மடங்கு குறைவு, தட்டுப்பாடு முதலில் அங்கேதான் வரும். கிடைக்கும் மின்னழுத்தமும் அரை வோல்ட் அளவுதான், அதை ஏற்றிக்கொடுக்கத் தனிச் சுற்று வேண்டும்.

இன்னும் ஒன்று, எனக்கு இதுதான் பெரிய ஏக்கம். ஒரு குளுக்கோஸை முழுக்க கார்பன் டை ஆக்சைடு வரை எரித்தால் 24 எலக்ட்ரான்கள் கிடைக்கும். நம் செல்கள் பல நொதிகளை வரிசையாக வைத்து அவ்வளவையும் எடுக்கின்றன. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் இரண்டே இரண்டை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறது. சர்க்கரையை அளப்பதற்கு அந்த இரண்டு தாராளம், அளவெடுப்பவருக்கு விகிதம் மாறாமல் இருந்தால் போதும். சக்தி வேண்டுமென்றால்தான் 22 வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். உணரி கடைகடையாக விற்க, எரிபொருள் கலம் இன்னும் ஆய்வகத்தில் இருப்பதற்கு ஆயுளும் இந்தக் கணக்கும்தான் காரணம். பல நொதிகளைத் தொடராக ஒரே மின்முனையில் வைக்கப் பல நாட்டிலும் முயல்கிறார்கள். சில நாள் மட்டும் ஓட வேண்டிய ஒட்டுப்பட்டைகளுக்கு, வியர்வையில் இருக்கும் லாக்டேட் என்ற பொருளில் ஓடும் கலங்கள் முதலில் வரும் என்பது என் எண்ணம்.

அம்மாவுக்கு என் அன்பு. நெஞ்சில் தோலுக்கடியில் இருக்கும் பெட்டியை மட்டும் மாற்றுவார்கள், இதயத்துக்குள் போகும் கம்பி நன்றாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். தைரியம் சொல்லுங்கள்.

*

குளிர்பானம் ஊற்றினால் ஓடும் பேட்டரி நிஜமா?
– பத்தாம் வகுப்பு மாணவி, தென்காசி

நிஜம் கண்ணு. 2007-ல் சோனி நிறுவனம் சர்க்கரைக் கரைசலில் 50 மில்லிவாட் தரும் நொதிக் கலத்தைக் காட்டி, வாக்மேனைப் பாட வைத்தது. ஆனால் கடைக்கு வரவில்லை. உன் வீட்டு செல்போன் சார்ஜர் சாதாரணமானதே 5 வாட் தரும், அது 50 மில்லிவாட்டுக்கு நூறு மடங்கு.

*

எம்.எஸ்சி. புராஜெக்டுக்குச் சின்ன அளவில் நொதி எரிபொருள் கலம் செய்யப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?
– ஒரு மாணவி, திருச்சி

வழிமுறை உன் கைடு சொல்வார் அம்மா. எழுத்தில் வராத சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

குளுக்கோஸ் கரைசலை முந்தின நாள் மாலையே கரைத்து வைத்துவிடு. கடையில் கிடைக்கும் பொடி பெரும்பாலும் ஆல்ஃபா வடிவம், குளுக்கோஸ் ஆக்சிடேஸ் தொடுவதோ பீட்டா வடிவத்தை. கரைந்து சில மணி நேரம் இருந்தால்தான் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பீட்டாவாகும். காலையில் கரைத்து உடனே அளந்தால் மின்னோட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், காரணம் புரியாமல் மின்முனையைச் சந்தேகப்படுவாய். நொதிப் பாட்டிலை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் திறக்காதே, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திற.

சர்க்கரைப் பக்க மின்முனை இருக்கும் கரைசலில் ஆக்சிஜன் இருந்தால், எலக்ட்ரானை மின்முனைக்கு முன்னால் அது பறித்துக்கொள்ளும், கூடவே பெராக்சைடு உண்டாக்கி நொதியையும் கெடுக்கும். அந்தப் பக்கம் நைட்ரஜனைக் குமிழிவிட்டுப் பார், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாக, மல்டிமீட்டரை இரு முனையிலும் வைத்து 0.6 வோல்ட் வந்தது என்று எழுதி முடித்துவிடாதே. மின்சாரம் எடுக்காதபோது கிடைக்கும் வோல்ட் எவ்வளவு சக்தி தருகிறது என்பதைச் சொல்லாது. ஒரு மெகாஓமிலிருந்து ஒரு கிலோஓம் வரை மின்தடைகளை ஒவ்வொன்றாக இணைத்து, ஒவ்வொன்றிலும் வோல்ட் நிலைத்த பிறகு குறித்து, சக்தியைக் கணக்கிட்டு வரைபடம் போடு. அதே வரிசையைச் சர்க்கரை போடாத கரைசலில் ஒரு முறையும், கொதிக்கவைத்து ஆற்றிய நொதியில் ஒரு முறையும் செய். மூன்று கோடுகளும் ஒரே தாளில் இருக்கட்டும். அந்தத் தாளின் நகலை இந்த இதழின் முகவரிக்கு அனுப்பினால் உட்கார்ந்து பார்த்து எழுதுகிறேன்.